களம் இல்லாத குறுவை: நீடாமங்கலம், அக்டோபர் 2025

படுதாவை விலக்கினால் மேல் நெல் காய்ந்தே இருக்கிறது. முழங்கை வரை கையை உள்ளே விட்டால் சூடு, வெந்நீர் அண்டாவைத் தொட்ட மாதிரி. அங்கிருந்து ஒரு பிடி அள்ளினால் நெல் உதிராமல் கட்டியாக வருகிறது. ஒவ்வொரு நெல்மணியும் வெள்ளை வேர் விட்டு ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது. புளித்த கஞ்சி வாசம். 2025 அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கொள்முதல் நிலைய வாசல்களிலும் சாலையோரங்களிலும் கிடந்த குறுவை (கோடையை ஒட்டி விதைத்து மழைக்கு முன் அறுக்கும் குறுகியகாலப் பயிர்) நெல் பலவற்றின் கதி இதுதான்.

மழை பெய்தது, நெல் முளைத்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் ஐப்பசி மழை டெல்டாவுக்குப் புதிது அல்ல. அறுவடை இயந்திரத்தின் வாயிலிருந்து நெல் கொட்டிய நேரத்துக்கும், அது சாக்கில் ஏறி லாரியில் போன நேரத்துக்கும் இடையே எத்தனை நாள் ஆனது, அந்த நாட்களில் நெல் எங்கே கிடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. அதற்கு நீடாமங்கலத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இங்கே விளைச்சல், கொள்முதல், ரயிலேற்றம் மூன்றும் ஒரே இடத்தில் கண்முன் நடக்கின்றன.

ஊர்

திருவாரூர் மாவட்டத்தில் வட்டத் தலைநகராக இருக்கும் பேரூராட்சி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கின் மனைவி யமுனாம்பாள் பெயரால் யமுனாம்பாள்புரம் என்றும் வழங்கியது. கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு இங்கேதான் கோரையாறாகவும் பாமணியாறாகவும் வெண்ணாறாகவும் பிரிகிறது. ஊர்க்காரர்கள் அந்த இடத்தை மூணாறு தலைப்பு என்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என நான்கு பக்கமும் சாலை. தஞ்சாவூர்–திருவாரூர் ரயில் பாதையில் மன்னார்குடிக் கிளை பிரியும் சந்திப்பும் இதுவே. சுற்றுவட்டாரத்து நெல்லும் அரிசியும் சரக்கு ரயிலில் வெளி மாவட்டங்களுக்குப் போவது இந்த நிலையத்திலிருந்துதான். சரக்கு வண்டி நகரும்போதெல்லாம் ரயில்வே கேட் இறங்கும். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் பேருந்துகள் நிற்கும். இந்த ஊரில் யாராவது தாமதமாக வந்தால் “கேட் போட்டுட்டான்” என்றால் போதும், வேறு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

நாட்கணக்கு

அந்த ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தது. கல்லணை ஜூன் 15. போர்வெல் உள்ளவர்கள் மே மாதத்திலேயே நாற்று விட்டுவிட்டார்கள். அவர்கள் நெல் செப்டம்பரில் அறுவடையாகி வெயிலில் காய்ந்து போய்ச் சேர்ந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களின் கணக்கு வேறு. வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்கு வந்து, நாற்றங்கால் தயாராகி, விதைப்பு முடிய ஜூன் கடைசி வாரம். ஆடுதுறை 43, கோ 51 போன்ற ரகங்களுக்கு 105 முதல் 115 நாள். எப்படிக் கூட்டினாலும் அறுவடை அக்டோபர் 10-க்கும் 20-க்கும் இடையில் வந்து விழுகிறது. அக்டோபர் 16-ல் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. 20-ம் தேதி தீபாவளி. அந்த வாரம் முழுக்கச் சுமைதூக்கும் ஆட்களும் லாரி ஓட்டுநர்களும் குறைவு.

இதில் யாரும் தப்பு செய்யவில்லை. ஆற்றுப்பாசனக் குறுவை என்றாலே மழையின் வாயில் அறுக்கிற பயிர்தான். தாத்தா காலத்திலும் அப்படித்தான். அப்போது நெல் இந்த அளவுக்கு முளைக்காததற்குக் காரணம் அறுவடை நடந்த விதம்.

கருக்கரிவாளும் இயந்திரமும்

கையால் அறுத்த காலத்தில் தாளை அரி அரியாக வயலிலேயே போடுவார்கள். ஒரு நாள், வெயில் மந்தமாக இருந்தால் இரண்டு நாள் அப்படியே கிடக்கும். பிறகு கட்டுக் கட்டி, களத்துக்குத் தூக்கி, அடித்து, தூற்றி, பட்டறையில் போடுவதற்குள் நெல்லின் ஈரம் நாலைந்து சதம் தானாக இறங்கியிருக்கும். யாரும் அதை உலர்த்தல் என்று தனியாகச் சொல்லவில்லை. வேலையின் நடையிலேயே அது அடங்கியிருந்தது.

இப்போது ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம், ஒரு ஏக்கரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறது. ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான். காலையில் நின்ற பயிர் மதியத்துக்குள் டிராக்டர் டிப்பரில் நெல்லாக நிற்கிறது. அதன் ஈரம் 20 முதல் 25 சதம். கொள்முதலுக்கு அரசு நிர்ணயம் 17. அந்த ஐந்தாறு சதத்தை இறக்கும் வேலை வயலைவிட்டு வெளியே வந்துவிட்டது, ஆனால் அதற்கான இடத்தை யாரும் ஒதுக்கவில்லை. ஊர்ப் பொதுக்களங்கள் பல இடங்களில் கட்டடமாகிவிட்டன. மிஞ்சியது தார்ச்சாலை. நெடுஞ்சாலையின் ஒரு பாதியை அடைத்து நெல் பரப்புவதைக் குற்றமாகப் பார்ப்பவர்கள் வேறு எங்கே பரப்புவது என்பதையும் சொல்ல வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பது எளிய கணக்கு. ஏக்கருக்கு 2,400 கிலோ விளைந்தால் சுமார் 4 கன மீட்டர் நெல். காய்வதற்கு 4 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்பக் கூடாது. ஆக ஏக்கருக்கு 100 சதுர மீட்டர், சதுர அடியில் சொன்னால் ஏறத்தாழ 1,100. நல்ல வெயிலில் ஒரு நாள், மேகமூட்டமாக இருந்தால் இரண்டு மூன்று நாள் அந்த இடம் பிடிபட்டே இருக்கும்.

நிலைய வாசலில்

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு பட்டியல் எழுத்தர், ஓர் உதவுபவர், ஒரு காவலர், சுமைதூக்கும் தொழிலாளர்கள் இருப்பார்கள். தூற்றும் இயந்திரம், தராசு, ஈரப்பதம் பார்க்கும் மெஷின், சாக்கு, சணல். நெல்லைத் தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, தைத்து, அடுக்குவார்கள். சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். கோயில் நிலத்தையும் பிறர் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடுபவருக்கு அந்த அடங்கலே முதல் தடை. 2025–26 பருவத்துக்குக் கொள்முதல் செப்டம்பர் 1-லேயே தொடங்கியது. மாநில ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்குப் பொதுரகம் 2,500 ரூபாய், சன்னரகம் 2,545 ரூபாய். பொதுரகத்தில் ஒரு சிப்பம் சரியாக 1,000 ரூபாய். நெல்லுக்கு நல்ல விலை. தனியார் வியாபாரி அதைக் கொடுக்க மாட்டார் என்பதால் எல்லா நெல்லும் ஒரே வாசலுக்கு வந்து நிற்கிறது.

நிலையம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1,000 சிப்பம் என்று வைப்போம். ஏக்கருக்கு 60 சிப்பம் என்றால் அது 16 ஏக்கர் சொச்சத்தின் நெல். 500 ஏக்கர் குறுவை உள்ள வட்டாரத்தில் மொத்தம் 30,000 சிப்பம், அதாவது ஒரு நாள்கூட நிற்காமல் 30 நாள் வேலை. அதே 500 ஏக்கரை ஐந்து வண்டிகள் வண்டிக்கு நாளொன்றுக்கு 6 ஏக்கர் வீதம் அறுத்தால் 17 நாளில் வயல் காலி. 17-ம் நாள் மாலையில் 13,000 சிப்பம் நெல் எடை போடப்படாமல் தரையில் கிடக்கும். 520 டன். மழை இல்லை, லாரி தட்டுப்பாடு இல்லை, சாக்குத் தட்டுப்பாடு இல்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இவ்வளவு தேக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். அறுவடையின் வேகம் இரட்டித்த பிறகும் வாசலின் அகலம் பழையபடியே இருக்கிறது.

அக்டோபரில் எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. எடை போட்ட சிப்பங்கள் நிலையத்திலிருந்து நகராவிட்டால் அடுக்க இடமில்லாமல் எடையே நின்றுபோகிறது. எடை நிற்பதை விவசாயி தராசுக்காரர் மேல் கோபமாகப் பார்க்கிறார். அடைப்பு இருப்பதோ பின்னால். கிடங்கு நிறைந்திருந்தால் லாரி இறக்க முடியாது. ஆலையில் அரைவை நடக்காவிட்டால் கிடங்கு காலியாகாது. அந்த ஆண்டு அரைவை மந்தப்பட்டதற்கு, 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ வீதம் கலக்க வேண்டிய செறிவூட்டிய அரிசிக்கு மத்திய அனுமதி தாமதமானதை மாநில அரசு காரணமாகச் சொன்னது. எந்தக் காரணமானாலும் அது வரிசையாகப் பின்னோக்கி வந்து கடைசியில் படுதா போட்டுக் காவல் கிடக்கும் மனிதரின் தலையில்தான் இறங்குகிறது.

42 வேகன்

நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் நின்றால் இந்த அடைப்பின் மறுமுனை தெரியும். 42 வேகன் கொண்ட ஒரு சரக்கு ரயிலில் 2,000 டன் நெல் ஏறும். 50,000 சிப்பம். அதாவது 50 கொள்முதல் நிலையங்களின் ஒரு நாள் வேலையை ஒரு ரயில் விழுங்கிவிடும். லாரிக்கு 12 டன் என்றால் 160-க்கும் மேற்பட்ட லாரிகள் நிலையத்துக்கு வர வேண்டும். அவை நிற்பதற்கு இடம் ஊருக்குள் இல்லை, சாலையோரம்தான். ரயில் வந்தால் சாலை அடைக்கிறது என்று ஊர் வருந்துகிறது. ரயில் வராவிட்டால் கிடங்கு அடைக்கிறது என்று வயல் வருந்துகிறது. ரயில்வே கேட்டுக்கு மேல் கேட்கும் மேம்பாலத்தைப் போக்குவரத்துக் கோரிக்கையாக மட்டும் எழுதுகிறார்கள். அது நெல் கொள்முதலின் ஒரு பகுதியும்கூட.

மழை நாளில் ரயிலேற்றம் முற்றாக நிற்கும். திறந்த நடைமேடையில் சாக்கு நனைந்தால் வேகனுக்குள் அந்த ஈரம் பூட்டப்பட்டுப் பயணம் போகும். ஆகவே தூறல் விழுந்ததும் லாரி படுதா போட்டு நின்றுவிடுகிறது. லாரி நின்றால் கொள்முதல் நிலையத்துக்குத் திரும்பிப் போகாது. மூன்று நாள் மழைக்கு ஏழு நாள் தேக்கம் எப்படி வருகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

குவியலுக்குள் நடப்பது

நாற்றங்காலுக்கு விதை தயார் செய்யும் முறை எல்லா விவசாயிக்கும் தெரியும். 24 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரச்சாக்கு போட்டு 24 மணி நேரம் மூட்டம் கட்டினால் முளை எட்டிப் பார்க்கும். மழையில் நனைந்த குவியலைப் படுதாவால் இறுக்கி மூடுவது அச்சு அசலாக அதே வேலை. நெல் உயிருள்ள பொருள். ஈரம் கூடினால் வேகமாக மூச்சுவிடும். அந்த மூச்சில் வெப்பமும் தண்ணீரும் வெளிப்படும். படுதாவுக்குள் அது போக வழியில்லாமல் அடியில் முத்து முத்தாக வியர்த்து மறுபடி நெல்லின் மேலேயே சொட்டும். குறுவை ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் குறைவு என்பதால் அறுத்த சில நாட்களிலேயே முளைக்கத் தயாராக இருக்கின்றன. முளைக்காமல் தப்பிய நெல்லும் சூட்டில் வெந்து உள்ளே அரிசி மஞ்சளாகிவிடும். மேலே பார்த்தால் தெரியாது, உமி நீக்கினால் தெரியும்.

தர நிர்ணயத்தில் சேதமான, நிறம் மாறிய, முளைத்த, வண்டு விழுந்த நெல் எல்லாம் சேர்த்து 5 சதத்துக்குள் இருக்க வேண்டும். குவியலின் அடியில் ஓரமாக ஒரு முழம் முளைத்தாலே அந்த அளவு தாண்டிவிடும். அதனால் முளைத்த பகுதியை உடனே பிரித்தெடுக்க வேண்டும். சேர்த்துக் கிளறிவிட்டால் நல்ல நெல்லும் அதனோடு தள்ளுபடியாகும்.

22 சதம்

ஈரப்பத வரம்பை 22 சதமாகத் தளர்த்த மாநில அரசு கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து நிலையங்களில் மாதிரி எடுத்தன. கேட்டதில் நியாயம் உண்டு, அடைமழையில் 17 என்பது எவராலும் எட்ட முடியாத எண். ஆனால் தளர்வு மட்டும் தீர்வாகாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 100 கிலோ நெல்லில் 22 சத ஈரம் இருந்தால் உலர்பொருள் 78 கிலோ. அதை 17 சதத்துக்குக் காயவைத்தால் 94 கிலோவாகக் குறையும். அந்த 6 கிலோ தண்ணீருக்கு யார் பணம் தருவது என்பது கணக்குச் சண்டை, பேசித் தீர்க்கலாம். 22 சத நெல்லைச் சாக்கில் கட்டித் திறந்தவெளியில் பத்து நாள் அடுக்கி வைத்தால் அடுக்கின் நடுவில் என்ன ஆகும் என்பது பேசித் தீர்வதில்லை. முளை விவசாயியின் குவியலிலிருந்து அரசின் அடுக்குக்கு இடம் மாறும், நிறம் மாறிய அரிசியாக ரேஷன் கடைக்கு வரும். தளர்வு தரும் நாளிலேயே அந்த நெல் ஓரிரு நாளில் உலர்த்தும் வசதி உள்ள ஆலைக்குப் போகும் வழியும் இருந்தால்தான் அந்த உத்தரவுக்குப் பொருள்.

ஈரக் குறுவை நெல்லை என்ன செய்வது என்ற கேள்வி 1967-லேயே எழுந்தது. திருவாரூர் நவீன அரிசி ஆலையோடு இணைந்த சிறு ஆய்வகம் ஒன்று அதற்காகவே தொடங்கி, நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாகி, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. அறிவு பக்கத்து ஊரில் இருக்கிறது. நிலைய வாசலில் இல்லாதவை கூரை போட்ட சிமென்ட் களமும் ஓர் உலர்த்தியும். 16 ஏக்கர் நெல்லைப் பரப்ப 18,000 சதுர அடி களம், அதில் பாதிக்குக் கூரை. ஒவ்வொரு நிலையத்துக்கும் அரை ஏக்கருக்குள் அடங்கும் வேலை இது.

கையில் இருப்பதைக் கொண்டு

களம் வரும்வரை சேதத்தைக் குறைக்கும் வழிகள் அறுவடைக்கு முன்பே தொடங்குகின்றன. பத்து நாளுக்கு முன் வயலில் தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது பாடம். நடைமுறையில் மேல்வயல்காரர், குறுவைக்குப் பின் நடும் தாளடிப் பயிரின் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டியிருப்பார், அது நம் வயல் வழியேதான் வடியும். வரப்பை ஒட்டி ஒரு முழ அகலத்தில் வடிகால் வெட்டி அந்தத் தண்ணீரை ஓரமாகவே கடத்திவிட்டால் வண்டி இறங்கும் தரை கெட்டியாகும், நெல்லில் சேறு ஏறாது. சாய்ந்த பயிரில் கதிர் தண்ணீரைத் தொட்டுக் கிடந்து, அறுக்க வண்டியும் கிடைக்கவில்லை என்றால் 5 சத உப்புக் கரைசலை, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ உப்பு என்ற அளவில், கதிரில் படும்படி தெளிப்பது முளைப்பைத் தள்ளிப்போடும். காலை பத்தரைக்கு முன் வண்டியை இறக்க வேண்டாம். பனி காயாத தாளை அறுத்தால் டிப்பரில் ஏறுவது பாதி பனித்தண்ணீர்.

குவியல் போடுவதில் பெரும்பாலும் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. அடியில் ஒரு படுதா விரித்து நெல்லைக் கொட்டி, மேலே இன்னொன்றைப் போர்த்துகிறார்கள். அடிப்படுதாவின் ஓரம் மேற்படுதாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மழைநீர் மேற்படுதாவில் வழிந்து அடிப்படுதாவில் விழுந்து நேராக நெல்லுக்கு அடியில் போய்த் தொட்டியாகத் தேங்குகிறது. மறுநாள் மேல் நெல் காய்ந்திருக்க அடி நெல் மட்டும் ஊறியிருப்பது இதனால்தான். அடிப்படுதாவின் ஓரங்களை மேல்நோக்கி மடித்து நெல்லோடு ஒட்டிவிட்டு, மேற்படுதா அதற்கு வெளியே ஒரு முழம் தொங்கும்படி போர்த்த வேண்டும். தரையில் முதலில் அரை அடிக்கு வைக்கோல், சுற்றிலும் மண்வெட்டியால் ஒரு சால். குவியல் இடுப்புயரம் வேண்டாம், முழங்கால் உயரத்தில் நீளவாக்கில் இருக்கட்டும். மழை விட்டால் அரை மணி நேரம் கிடைத்தாலும் படுதாவைத் தூக்கி, கால்களை நெல்லுக்குள் விட்டு இழுத்து நடந்து, சூட்டை வெளியேற்ற வேண்டும். நனைந்துவிடும் என்று பயந்து மூன்று நாள் திறக்காமல் வைத்த குவியல்களே அதிகம் முளைத்தன.

வெயில் கிடைத்துக் காயவைத்த நெல்லைச் சுடச்சுட ஈரப்பத மெஷினுக்குக் கொண்டுபோகக் கூடாது. மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் மிச்சமிருக்கும், சில மணி நேரத்தில் அது மேலே வந்து அளவு ஏறிவிடும். நிழலில் குவித்து ஆறவிட்டு, மறுபடி ஒரு முறை பரப்பி எடுத்தால் அளவு நிலைக்கும், அரைவையில் நொய்யும் குறையும். மெஷின் இல்லாத இடத்தில் பல்தான் கருவி. மணியைக் கடித்தால் கடக்கென்று இரண்டாக உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் பாக்கி. புதிதாக வந்த டிப்பர் நெல்லைக் காய்ந்த குவியலின் மேல் கொட்டுவது இடநெருக்கடியில் நடக்கும் காரியம்தான். ஒரே இரவில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் செய்ய ஓர் ஆள் அங்கேயே கிடக்க வேண்டும். அந்த ஆளுக்கு வயலில் வேறு வேலை இருக்கிறது. குறுவை அறுத்த வயலில் ஐப்பசிக்குள் தாளடி நட்டாக வேண்டும். நாற்றங்காலில் நாற்று 25 நாளைத் தாண்டினால் நட்ட பிறகு தூர் கட்டாது. உழவு டிராக்டர், நடவு ஆள், அடியுரம் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டிய பணம் அந்தப் படுதாவுக்கு அடியில் கிடக்கிறது. பகலில் மனைவி நெல்லைக் கிளற, கணவர் நாற்றுப் பறிக்கப் போவார். இரவு குவியலருகே அவர் முறை. டீக்கடையில் கேட்கும் முதல் கேள்வி “உங்களுக்கு நம்பர் வந்துடுச்சாண்ணே?” என்பதுதான். நம்பர் என்றால் எடைக்கு முறை சொல்லும் டோக்கன். அந்த வாரம் கோரையாற்றங்கரையில் டோக்கன் வராதவர்களின் நாற்றுகள் நாற்றங்காலிலேயே முற்றிக்கொண்டிருந்தன.